ஆறாவது பொத்தான்

ஆறு இருந்தது. சுகிர்தம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பெஞ்சிலிருந்தே மறுபடி எண்ணினாள். இரண்டு வெள்ளை, ஒரு நீலம், அந்தப் பெரிய கறுப்புக் கோட்டுப் பொத்தான், அப்புறம் இன்னும் இரண்டு வெள்ளை. ஆறேதான். ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் ஆறு. நத்தானியேல் ஐயாவுக்குக் காது போய் நாலு வருஷம் ஆகிறது, விரல் போகவில்லை, அதனால் ஆர்கனை அவரிடமிருந்து பிடுங்க இந்தச் சபையில் யாருக்கும் மனசு வரவில்லை. ஜனங்கள் எந்தச் சரணத்தில் நிற்கிறார்கள் என்று அவருக்குக் கேட்காது. ஆகவே பாட்டுக்கு எத்தனை சரணமோ அத்தனை சட்டைப் பொத்தானை ஆர்கன் மேல் இடது பக்கமாக வரிசை வைத்துக்கொள்வார். ஒரு சரணம் வாசித்ததும் ஒரு பொத்தானை வலது பக்கம் தள்ளுவார். இடது பக்கம் காலியானால் ஆமென். சின்னப் பிள்ளைகள்கூடப் பொத்தானைப் பார்த்துத்தான் இன்னும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளும். இன்றைக்குப் பிரசங்கம் முடிந்து பாடப்போகிற புதுப் பாட்டுக்கு ஐந்து சரணம். பெஞ்சு பெஞ்சாகக் கொடுத்திருக்கிற ஜெராக்ஸ் தாளில் ஐந்துதான் இருக்கிறது, அடியில் ‘தமிழில்: திருமதி சுகிர்தம்’ என்று போட்டிருக்கிறது. ஆனால் ஐயா தாளைப் பார்க்கிறவர் இல்லையே. மிஷனரி சிஸ்டர் ஹெட்விக் தன் ஊருக்குப் போகும்போது விட்டுப்போன ஜெர்மன் ராகப் புத்தகத்தைத்தான் பார்ப்பார். அதில் அந்தப் பாட்டின் தலையில் சிஸ்டரே பென்சிலால் ஆறு என்று போட்டு வட்டம் போட்டிருக்கிறார். அந்த வட்டத்தை ஒரு ரப்பரால் அழித்திருந்தால் தீர்ந்தது. அது தோன்றவில்லையே எனக்கு. பொய் சொல்லத் தோன்றியது, ரப்பர் தோன்றவில்லை.

மடியிலிருந்த கைப்பை கனத்தது. பைக்குள் செல்போன் சத்தமில்லாத அதிர்வில் இருக்கிறது. காலடியில் துணிப்பை, அதில் இரண்டு புடவை, வேகவைத்து மடித்த பழைய வேட்டித் துண்டுகள், வசம்பு, ஒரு டப்பா பூண்டு லேகியம். பன்னிரண்டு நாற்பதுக்கு ரயில், மூணு மணி நேரத்தில் பெங்களூர். விடிகாலையில் மகள் பெர்சிஸின் வீட்டுக்காரன் ரூபன் போன் பண்ணினான். “அத்தை, பெர்சிசுக்கு லேசா வலி வந்திருக்கு, ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம்” என்றான். அவள் உடனே, “இருங்க தம்பி, இருங்க, சொல்லாதீங்க” என்று போனைக் காதிலிருந்து எடுத்து நெஞ்சில் அழுத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தபோது அவன் பாவம் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். “...டாக்டரம்மா இன்னும் நேரம் ஆகும்கிறாங்க, எங்கம்மா கூட இருக்காங்க, நீங்க பாட்டை முடிச்சிட்டே வாங்க அத்தை, ரெண்டு தடவை தள்ளிப்போன பாட்டு.” நல்ல பையன். அவன் சொல்கிறதை ஒருநாளாவது முழுசாகக் கேட்டிருக்கிறேனா. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தச் செவ்வாய்க்கிழமையும் அவன்தான் பேசினான். எட்டாம் மாசம், துடிப்பு நின்றுபோச்சு என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் போனை அரிசிப் பானையில் போட்டுவிட்டாள், பக்கத்து வீட்டு மெர்சிதான் எடுத்துப் பேசினாள். அரிசிக்குள்ளிருந்து அவன் குரல் வந்துகொண்டே இருந்தது, அத்தை, அத்தை என்று. இப்போது மடியில் ஏதாவது அசைகிறதா? இல்லை. ஆண்டவரே, அந்தப் பிள்ளையை... வேண்டாம், கேட்கக்கூடாது, ஆறாவது சரணத்தில் கேட்க மாட்டேன் என்றுதானே வருகிறது. அதை நினைக்காதே. தூணைப் பார். தூணில் சுண்ணாம்பு உதிர்ந்திருக்கிறது. வெளியே காற்று திரும்பி, தோல் கம்பெனி வாடை ஜன்னல் வழியாக வந்து போனது. இன்றைக்கு மழை வரும்.

போதகர் ஐயா பிரசங்கத்தில் நிலத்தைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நிலம் என்றதும் அவளுக்குச் சிஸ்டர் வீட்டுச் சிமென்ட் தரைதான் வந்தது. பதினெட்டு வயதில் எட்டாவது படிப்போடு அந்த வீட்டுக்கு வேலைக்குப் போனாள், பதினோரு வருஷம். கரிப்பெட்டி போட்டு வெள்ளை உடுப்புகளைத் தேய்க்கிற அறையில்தான் ஜெர்மன் வந்தது, பள்ளிக்கூடத்தில் இல்லை. சிஸ்டர் மடித்துக்கொண்டே பாடுவார், இவள் தேய்த்துக்கொண்டே கூடப் பாடுவாள், அர்த்தம் தெரியாமல் முதலில், அப்புறம் ஒவ்வொரு வார்த்தையாகப் பொருளைத் தொட்டுக் காட்டி: இது கதவு, இது கிணறு, இது மடி. மடியைக் காட்ட சிஸ்டர் தன் மடியைத் தட்டிக் காட்டினார், அதில் தேய்த்த தலையணை உறை இருந்தது. அதற்கப்புறம் தானாகவே தமிழ் வர ஆரம்பித்தது. கேட்கிறவர்களுக்கு என்ன தெரியும், பாட்டை மாற்றி எழுதுகிறது என்றால் அர்த்தத்தை எழுதுகிறது என்று நினைக்கிறார்கள். ராகம் முதலில் வந்து உட்கார்ந்துகொள்ளும், வரிக்கு எட்டு அசை, ஏழு அசை, எட்டு, ஏழு என்று படி கட்டின மாதிரி, ஒரு படியும் கூட்ட முடியாது குறைக்க முடியாது; ராகம் நீளுகிற இடத்தில் நெடில் வேண்டும், அங்கே ஒரு குறிலை வைத்தால் பாடுகிறவர்கள் வாய் திறந்தபடி நொண்டுவார்கள். பீன்ஸ் நறுக்கும்போது விரலை மடித்து எண்ணுவாள். பால் பொங்கி வழிந்தாலும் எண்ணுவாள். அவள் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் சிரிப்பார். “என்னடி, சாமிக்கு அளவு சட்டையா தைக்கிற?” என்பார். அவர் போய் ஏழு வருஷம். இந்தப் பாட்டுத்தான் அவர் கடைசியாகக் கேட்டது, அடுப்புச் சரணம் மட்டும். முதல் சரணம் கதவு, இரண்டாவது அடுப்பு, மூன்றாவது மழை, நாலாவது கிணறு, ஐந்தாவது தூக்கம். கொள்ளைநோய் வந்த காலத்தில் யாரோ ஒரு போதகர் தன் வீட்டைச் சுற்றி நடந்து ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்லி எழுதினதாம். ஐந்தாவதில் எல்லாரும் தூங்கிவிடுகிறார்கள். அதோடு நின்றிருந்தால் என்ன அந்த மனுஷனுக்கு.

முன் வரிசையில் பாமாலைக் குழுச் செயலாளர் ஐயா சென்னையிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கிறார், பின்கழுத்து மட்டும் தெரிகிறது, வெள்ளைக் காலர். புதுப் பாட்டு எதுவும் புத்தகத்துக்குள் போவதற்கு முன்னால் ஒரு சபை அதைப் பாடிப் பார்க்க வேண்டும், எழுதினவர் கூட நின்று கேட்க வேண்டும். ஜனங்கள் எங்கே தடுக்குகிறார்களோ அங்கே கோடு போட்டுக்கொள்வார்கள். பெரிய படிப்புப் படித்தவர், மரியாதையாகத்தான் பேசுவார். போன மாசம் குழுவில் கேட்டார், “அம்மா, அடுப்பு, விறகு எல்லாம் கோயில்ல பாடலாமா? கொஞ்சம் உயர்ந்த பதமா இருந்தா நல்லாயிருக்குமே.” அவள் தலையைக் குனிந்துகொண்டே, “அடுப்பு எரியாம நம்ம பாஸ்டர் ஐயா எப்படிங்க பிரசங்கம் பண்ணுவார்?” என்றாள், எல்லாரும் சிரித்துவிட்டார்கள், அடுப்பு நின்றது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள்தான் அவர் கேட்டார். “சரிம்மா, மூலத்துல இவ்வளவுதானா? அஞ்சுதானா?” “அஞ்சுதாங்க ஐயா.” அவ்வளவுதான். நாக்கு புரளுகிற நேரம். டீயும் பிஸ்கட்டும் வந்தது, அவளும் ஒரு பிஸ்கட் எடுத்துச் சாப்பிட்டாள், தேங்காய் பிஸ்கட், அதன் ருசிகூட ஞாபகம் இருக்கிறது. இன்றைக்குக் காலையில் பாவ அறிக்கை எல்லாரோடும் சேர்ந்து சொல்லும்போது அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

ஆறாவது சரணம் வரவில்லை என்று இல்லை. எழுதவில்லை என்றும் இல்லை. மற்ற ஐந்தும் வருஷக்கணக்கில் இழுத்தது. ஆறாவது ஒரே உட்காரலில் வந்தது, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது, யாரோ பின்னாலிருந்து சொல்லச் சொல்ல எழுதுகிற மாதிரி.

தந்ததெல்லாம் உம்முடைமை,
தாரும் என்று கேளேன் நான்;
எந்தன் மடியில் வைத்ததை
எடுத்தாலும் பாடுவேன்.

ஒரு அசை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சந்தோஷத்தில் எழுந்து நின்று சத்தமாகப் பாடிப் பார்த்தாள், தனியாக, சமையலறையில், கீரைத் தண்டு கையில் இருக்க. எவ்வளவு பெருமை! என்னவோ நான் பெரிய பக்தை மாதிரி. அது திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை அரிசிப் பானை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அவளுக்குத் தெரியும், இப்படிக் கோத்துப் பார்ப்பது விசுவாசமில்லை, பக்கத்துத் தெருவில் எலுமிச்சம்பழம் வைக்கிறவர்களைப் பார்த்து முகம் திருப்புகிறோமே, இது மட்டும் என்ன? தெரியும். தெரிந்தும் அந்தத் தாளை அன்றைக்கே அடுப்பில் போட்டாள். அப்புறம் பெர்சிஸ் மறுபடி உண்டாகியிருக்கிறேன் என்று சொன்ன நாளிலிருந்து அந்த நாலு வரியும் மனசில் வரும்போதெல்லாம் வேறு பாட்டை எடுத்து அதன் மேல் போட்டு மூடினாள், எறும்பு வந்த இடத்தில் மஞ்சள்தூள் போடுகிற மாதிரி. இதைத் தமிழில் சொல்லாமல் விட்டால் ஆண்டவர் கேட்காமல் விட்டுவிடுவார் என்று நினைத்தாயா? ஜெர்மனில் முந்நூறு வருஷமாகக் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறார். ஆனாலும் அது என் வாயில்லையே. அது அந்தப் போதகர் வாய். அவர் தன் மடியைக் கொடுத்தார், நான் ஏன் பெர்சிஸின் மடியைக் கொடுக்க வேண்டும்? கேளேன் நானாம். கேளேனாம்! காலையிலிருந்து நூறு தடவை கேட்டாயிற்று, ரயில்வே டிக்கெட் வாங்குகிற வரிசையில் நின்று கேட்டேன், ஜடை போடும்போது கேட்டேன், இந்த நிமிஷமும் கேட்கிறேன், தாரும், தாரும், தாரும்.

“இன்னாக்கா, வேர்த்து ஊத்துது?” பக்கத்தில் மெர்சி விசிறி மட்டையால் அவள் முழங்கையைக் குத்தினாள். “ஒண்ணுமில்ல.” “பாட்டுக்குப் பயமா? நம்ம ஜனம் எதைக் குடுத்தாலும் பாடும். போன வாரம் அறிவிப்பையே ராகம் போட்டுப் பாடுச்சு.” சுகிர்தத்துக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. “மெர்சி, அங்க பாரு, ஐயா ஆறு வெச்சிருக்கார்.” மெர்சி எட்டிப் பார்த்தாள். “ஆமா. நீ போய் ஒண்ணை எடுத்துடேன், அவருக்கு என்ன தெரியப்போகுது.” அவ்வளவுதான் வேலை. பத்து அடி. பெஞ்சிலிருந்து எழுந்து, தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஓரமாகப் போய், வெள்ளைப் பொத்தான் ஒன்றை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிடலாம். பிரசங்க நேரத்தில் எத்தனை பேர் தண்ணீர் குடிக்க எழுந்து போகிறார்கள். எழுந்தாள். கால் ஒரு அடி வைத்தது. நத்தானியேல் ஐயா தலையைத் திருப்பி அவளைப் பார்த்து, வாயெல்லாம் பல்லாகச் சிரித்து, இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக் காட்டினார், உன் பாட்டு, இன்றைக்கு உன் பாட்டு என்கிற மாதிரி. அவள் திரும்ப உட்கார்ந்தாள். ஒரு கிழவரின் பொத்தானைத் திருடுவது ஆறாவது பொய்யா, ஏழாவதா? எண்ணிக்கை தெரியவில்லை.

சிஸ்டர் ஆறாவதைத்தான் உரக்கப் பாடுவார். மடி காலியாக இருக்கிறவர், அதனால் உரக்கப் பாட முடிகிறது என்று ஒருநாள் நினைத்திருக்கிறாள், நினைத்துவிட்டு வெட்கப்பட்டு இரண்டு தலையணை உறையைக் கருக விட்டிருக்கிறாள். சிஸ்டர் கருகலைப் பார்த்துத் திட்டவில்லை. தன் புத்தகத் தமிழில் சொன்னார், “சுகிர்தம், என் தாயார் இதைப் பாடினார்கள். யுத்தம். என் மூன்று சகோதரர்களிடமிருந்தும் கடிதங்கள் நின்றுவிட்டன. தாயார் சமையலறையில் பாடினார்கள். நன்றாக அல்ல. கோபம் கொண்டு பாடினார்கள்.” கோபம் கொண்டு. இத்தனை வருஷம் இது எங்கே போயிருந்தது? பாத்திரத்துக்கு அடியில் ஒட்டின சோறு மாதிரி இப்போது வருகிறது. அந்த அம்மாவும் சரி என்று தலையாட்டிப் பாடவில்லை. உன் இஷ்டம் எடுத்துக்கோ என்று பாடவில்லை. எடுத்தால் நான் சும்மா இருப்பேன் என்று நினைக்காதே, அப்பவும் உன் காதுக்குள் நின்று பாடுவேன், நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்... அப்படியா? அப்படிப் பாடலாமா ஆண்டவரிடம்? பயமாக இருந்தது. போதகர் ஐயா ஆமென் சொன்னார். எல்லாரும் எழுந்தார்கள், பெஞ்சுகள் முனகின, தாள்கள் சலசலத்தன.

கதவு திறந்தது. முதல் சரணத்தில் ஜனங்கள் தாளை முறைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள், அடுப்பில் சேர்ந்துகொண்டார்கள், மழையில் ஆண்கள் பக்கத்திலிருந்து யாரோ கனத்த குரலில் எடுத்துக் கொடுக்க, கூரை அதிர்ந்தது. எங்கும் தடுக்கவில்லை. செயலாளர் ஐயா பென்சிலைச் சட்டைப்பையில் திரும்பச் செருகினதை அவள் பார்த்தாள். பொத்தான் போனது, பொத்தான் போனது. மூன்றாவதும் போனது. தன் வார்த்தைகள் இத்தனை வாயிலிருந்து வருகிறதைக் கேட்க அவளால் முடியவில்லை, இடது பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிணறு. தூக்கம். தூக்கத்தின் கடைசி வரியை இழுத்து முடித்து, ஜனங்கள் தாளை மடித்தார்கள், சிலர் உட்காரக் குனிந்தார்கள், மெர்சி “சூப்பர்க்கா” என்றாள். இடது பக்கம் ஒரு வெள்ளைப் பொத்தான் இருந்தது. ஆர்கன் மூச்சு வாங்கி மறுபடி ஆரம்பித்தது.

பாதி குனிந்தவர்கள் அப்படியே நின்றார்கள். யாரோ தாளைப் புரட்டிப் பின்பக்கம் பார்த்தார்கள். பின்பக்கம் வெள்ளை. போதகர் ஐயா கையைத் தூக்கி அசைத்தார், நத்தானியேல் ஐயா கண்ணை மூடிக்கொண்டு, ஆனந்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். வார்த்தையில்லாமல் ராகம் மட்டும் கோயிலுக்குள் நடந்து போனது, காலி வீட்டுக்குள் ஒருத்தர் நடக்கிற மாதிரி, முதல் அசை போயிற்று, இரண்டாவது அசை போயிற்று, அவள் விரல் தானாக மடங்கியது, அப்போது மடியோடு ஒட்டிப் பிடித்திருந்த பை அதிர்ந்தது. ஒரு தடவை. விட்டு, இன்னொரு தடவை. வந்துவிட்டது. இதுதான். பையைத் திற. திறக்காதே. ரூபன். அரிசிக்குள்ளிருந்து அத்தை, அத்தை. முதல் வரி போய்விட்டது, இரண்டாவது வரியும் போய்விட்டது, கேளேன் நான் இருக்கிற வரி, அது போகட்டும், அது பொய், மூன்றாவது வரும் இப்போது. பை வயிற்றில் துடித்துக்கொண்டே இருந்தது, ஒரு ஜீவன் மாதிரி, அவள் அதை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். எந்தன் மடியில் வைத்ததை. குரல் உடைந்தது. நன்றாக இல்லை. மேலே போக வேண்டிய இடத்தில் போகவில்லை, கரகரவென்று ஏதோ ஒரு கோபமான பொம்பளையின் குரல், தெருக்குழாயடியில் குடத்தை நகர்த்துடி என்கிற குரல், அதுதான் வந்தது. எடுத்தாலும். ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். எடுத்தாலும் பாடுவேன். ராகம் நீளுகிற இடத்தில் நீட்டினாள், மூச்சு தீரும்வரைக்கும். ஐயா கடைசிப் பொத்தானைத் தள்ளினார். ஆமென் என்று முதலில் ஒரு குழந்தைதான் சொன்னது, அப்புறம் எல்லாரும்.

ஆசீர்வாதம் முடிந்து வெளிப்படியில் நின்று பையைத் திறந்தபோது போனில் தெரியாத நம்பர் இருந்தது. அவள் அழுத்தினாள். “அம்மா, சிலிண்டர்மா. வூடு பூட்டிக்கீதே, எம்மா நேரம் நிக்கறது? ஞாயித்துக்கிழமைன்னு பாக்காம எடுத்துனு வந்தா...” “பக்கத்து வீட்டுத் திண்ணையில வெச்சிடுப்பா” என்றாள், அவள் குரல் இன்னும் கரகரத்தது. போனை மூடிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சிலிண்டருக்காக எழுந்து நின்று பாடியிருக்கிறேன், ஆண்டவரே. பெங்களூரில் என்ன நடக்கிறது என்று இன்னும் எதுவும் தெரியாது. பாடினதை எடுத்து மறுபடி வாய்க்குள் போட்டுக்கொள்ளவும் முடியாது. செயலாளர் ஐயா செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். “அம்மா, அது...” “அஞ்சுன்னு சொன்னது பொய்ங்க ஐயா. ஆறு.” அவர் பென்சிலை எடுத்துக் கொடுத்தார். ஜெராக்ஸ் தாளின் வெள்ளைப் பக்கத்தை முழங்காலில் வைத்து நாலு வரியையும் எழுதினாள். கேளேன் நான் என்கிற இடத்தில் பென்சில் நின்றது, அடிக்கலாமா என்று பார்த்தது, அப்புறம் எழுதிவிட்டது. பாடுகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

நத்தானியேல் ஐயா பொத்தான்களைச் சோப்பு டப்பாவில் போட்டுக் குலுக்கிக்கொண்டே படியிறங்கினார். காது கேளாதவர்கள் பேசுகிற மாதிரி உரக்கச் சொன்னார், “நல்ல பாட்டும்மா! மழையில தரை கிடுகிடுன்னுச்சு, கால்ல தெரிஞ்சுது. ஆறாவதுல மட்டும் என்ன, ஒரே ஆளா?” அவள் ஒரு விரலைக் காட்டினாள். “நெனச்சேன்” என்றார். “அடுத்த வாரம் எல்லாரும் பாடுவாங்க.”

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தாள். தோல் வாடையோடு முதல் தூறல் விழுந்தது. லெவல் கிராசிங் தாண்டினதும் கைக்குள் போன் மறுபடி அதிர்ந்தது. இந்த முறை பெயர் வந்தது. ரூபன். நெஞ்சுக்குப் போகப் பார்த்த கையை அவள் பாதியில் நிறுத்தி, காதில் வைத்து அழுத்திக்கொண்டு, மழைக்கு முதுகைத் திருப்பி நின்றாள்.

“சொல்லுங்க தம்பி” என்றாள். “முழுசா சொல்லுங்க. கேக்குறேன்.”